2 வாரம் தண்ணீரில் மூழ்கினாலும் பிழைக்கும் நெல்... குரோமோசோம்களின் ‘பண்டமாற்று’ ரகசியம் என்ன?

வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தால் உத்திரமேரூர் பக்கம் விவசாயிகளுக்கு ஒரு கண் ஏரி மேல், இன்னொரு கண் வயல் மேல். ஏரி நிரம்பினால் சந்தோஷம். ஆனால் நட்ட சம்பா பயிர் தண்ணிக்குள்ள போயிட்டா?

ஒரு வாரத்துக்கு மேல் முழுசா மூழ்கினால் சாதாரண நெற்பயிர் தேறுவது கஷ்டம். ஆனால் ‘சிஆர் 1009 சப்1’ ரகம் சுமார் 2 வாரம் வரை தாக்குப்பிடிக்கும்.

எப்படி பிழைக்கிறது?

மூழ்கிய பயிர் மேலே எட்டிப் பார்க்க வேகமாக நீளும். அதிலேயே சேமித்த சத்தெல்லாம் தீர்ந்து, தண்ணீர் வடிந்ததும் சாய்ந்துவிடும். ‘சப்1’ மரபணு அந்த வளர்ச்சியை நிறுத்தி வைக்கிறது. மிச்சமான சத்தில் பயிர் மறுபடி துளிர்க்கிறது. இந்த மரபணு, ஒடிசாவின் ‘எஃப்ஆர் 13ஏ’ என்ற பழைய நெல் வழி வந்தது.

குரோமோசோம் இதில் என்ன செய்கிறது?

நெல்லுக்கு 12 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாய் வழி, ஒன்று தந்தை வழி. மகரந்தமும் சூல் முட்டையும் உருவாகும் குன்றல் பகுப்பின்போது, ஜோடிகள் ஒட்டி நிற்கும். ஒரே இடத்தில் இரண்டும் அறுந்து, துண்டுகளை மாற்றி ஒட்டிக்கொள்ளும். இதுதான் குறுக்கேற்றம். 1931-ல் ஹாரியட் கிரெய்டனும் பார்பரா மெக்ளின்டாக்கும் மக்காச்சோளத்தில் இதை நுண்ணோக்கி வழியே நிரூபித்தார்கள்.

இது நடக்காவிட்டால்?

‘சப்1’ இருப்பது 9-வது குரோமோசோமில். குறுக்கேற்றம் இல்லையென்றால், பழைய நெல்லின் அந்த குரோமோசோம் முழுசாகத்தான் வரும். வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டே வந்துவிடும். அதனால் கலப்பினப் பயிரை சிஆர் 1009-உடன் திரும்பத் திரும்பக் கலந்தார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏவைச் சோதித்து, ‘சப்1’-க்கு இருபுறமும் நெருக்கமாகத் துண்டு மாறிய நாற்றுகளை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்போ இது மரபணு மாற்றுப் பயிரா?

இல்லை. நெல்லோடு நெல்லைக் கலந்ததுதான். வெட்டி ஒட்டும் வேலையைச் செய்தது பயிரின் செல்லே. விஞ்ஞானிகள் செய்தது தேர்வு மட்டும்.

ஒரே தாய், தந்தைக்குப் பிறந்த அண்ணன் தம்பி ஒரே அச்சாக இல்லாததற்கும் இந்தப் பண்டமாற்று ஒரு காரணம்.

கவனிக்க வேண்டியது

2 வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றாலோ, கலங்கிய நீர் தேங்கினாலோ இந்த ரகமும் பாதிக்கப்படும். ஏரியைப் பராமரிக்க ‘ஏரி வாரியம்’ இருந்ததை 10-ம் நூற்றாண்டு உத்திரமேரூர் கல்வெட்டே சொல்கிறது. விதை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தண்ணீர் வடிய வாய்க்கால் சரியாக இருக்கணும்.