காப்பிக் காசு கேட்காத வேலை

கோலா சுங்கை பாருவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் டிப்ளோமா முடித்த பிள்ளை கணினி வேலைக்குக் கோலாலம்பூர்தான் போகவேண்டும் என்பதில்லை. டுரியான் துங்காலில் யுடெம், லெண்டுவில் யுஐடிஎம், புக்கிட் பெருவாங்கில் எம்எம்யூ என்று பல்கலைக்கழகங்கள் மலாக்காவிலேயே இருக்கின்றன. நெட்வொர்க்கைக் கவனிக்கவும் கணினிக்கூடங்களைப் பராமரிக்கவும் மாணவர் பதிவுக்கான மென்பொருளை எழுதவும் அங்கே ஆள் தேவை. அந்த வேலைக்கு நேர்வழி எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாதபோதுதான், "உள்ளே ஆள் இருக்கிறார், ஆயிரம் வெள்ளி கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறவன் ஜெயிக்கிறான்.

அரசுப் பல்கலைக்கழகம் காலியிடத்தைத் தன் சொந்த இணையத்தளத்தில் பதவியின் கிரேடு, கல்வித் தகுதி, முடிவுத்தேதியுடன் அறிவிக்கும். 2024 டிசம்பர் 1 முதல் அரசுப் பணியில் புதிய சம்பள முறை வந்ததால், டிப்ளோமாக்காரர்களுக்கான எஃப்ஏ29 எஃப்ஏ5 ஆகவும், பட்டதாரிகளுக்கான எஃப்41 எஃப்9 ஆகவும் மாறின. எஸ்பிஎம் மலாய்மொழியில் கிரெடிட் இல்லாவிட்டால் இந்தப் பதவிகளுக்குத் தகுதியே இல்லை. அந்தத் தாளை மறுபடி எழுதலாம்; அதற்கான டியூஷன் செலவு ஏஜெண்டுக்குக் கொடுப்பதைவிட நிச்சயம் குறைவு.

"கேபிள் இல்லாமல் நம்ம பிள்ளைகளை எடுப்பார்களா?" என்பார்கள். அரசுப் பணியில் இந்தியர்களின் பங்கு மக்கள்தொகை விகிதத்தைவிடக் குறைவுதான். மனக்குறைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் காப்பிக் காசு அதை மாற்றாது. 2009-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி: 20 ஆண்டு வரை சிறை, அதோடு லஞ்சத் தொகையைப்போல் 5 மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ குறைந்தது அந்த அளவு அபராதம். மோசடிக்காரனுக்கு இந்தப் பயமே காவல். பணம் போனவர் வாயைத் திறக்க மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம் என்று நம்பிக் கட்டியவரோ ஏமாற்றப்பட்டவர், லஞ்சம் கொடுத்தவரல்ல. அவர் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் அழைத்தால்தான் முடக்க வழியுண்டு. பிறகு போலீஸ் புகார். கட்டுவதற்கு முன்பே அந்தக் கணக்கு எண்ணைப் போலீசாரின் செமாக் மியூல் தளத்தில் தட்டிப் பார்ப்பது இன்னும் நல்லது. சம்பளம் போடவென்று ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்பவனிடம் கொடுத்துவிட்டால், கார்டைக் கொடுத்தவர் மேலேயே வழக்கு திரும்பும்.

வேலை கிடைத்த பிறகும் ஒன்றைப் பார்க்கவேண்டும். பணியிடம் பல்கலைக்கழகமாக இருந்தாலும் சம்பளம் போடுவது ஒரு குத்தகை நிறுவனமாக இருக்கலாம். அங்கும், தனியார் பல்கலைக்கழகத்திலும், 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் செல்லும். 2023 ஜனவரி 1 முதல் சம்பள வரம்பு பார்க்காமல் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்துகிறது. வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேர வேலை; ஒரு மாதத்துக்கு மேற்பட்ட வேலைக்கு எழுத்து ஒப்பந்தம்; வேறு சட்டங்களின்படி, குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி; 5,000 வெள்ளி வரை சம்பளத்துக்கு முதலாளி கட்டும் இபிஎஃப் 13 விழுக்காடு. கட்டினாரா என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம். கேட்டால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்களே என்ற பயம் பொய்யல்ல. சம்பளச் சீட்டும் ஒப்பந்தப் பிரதியும் கையில் இருந்தால், வேலையை விட்ட பிறகும் தொழிலாளர் இலாகாவில் புகார் கொடுக்கலாம்.