நாய்களில் மலமுண்ணல்

நாய்களில் மலமுண்ணல் என்பது வளர்ப்பு நாய் தன்னுடைய மலத்தையோ, மற்ற நாய்களின் மலத்தையோ, பூனை, குதிரை, மாடு போன்ற பிற விலங்குகளின் கழிவையோ உட்கொள்ளும் பழக்கத்தைக் குறிக்கும். நாய் வளர்ப்போருக்கு மிகுந்த அருவருப்பை ஊட்டும் பழக்கங்களுள் இது முதன்மையானது. கால்நடை மருத்துவரிடம் சொல்வதற்கே பலர் கூச்சப்படுவர். செல்லமாக வளர்த்த நாயை இதன் பொருட்டே கைவிடுவோரும் உள்ளனர். ஆயினும் பெரும்பாலான நாய்களில் இது நோயின் அறிகுறியும் அன்று. வளர்ப்பின் குறையும் அன்று. சிறுபான்மையானவற்றில் மட்டும் இதன் பின்னே மருத்துவம் தேவைப்படும் நோய் ஒன்று இருக்கக்கூடும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இப்பழக்கத்தைக் கையாள்வதில் முதற்படியாகும்.

அறிவியல் நூல்களில் இது கொப்ரோபேஜியா என வழங்கப்படுகின்றது. சாணம், உண்ணுதல் ஆகிய பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் பெறப்பட்டது. கல், மண், துணி, நெகிழி முதலிய உணவல்லாத பொருட்களை விழுங்கும் பழக்கம் பிக்கா எனப்படும். இரண்டும் ஒரே நாயில் காணப்படலாம் எனினும், இவற்றின் காரணங்களும் ஆபத்துகளும் வேறுபட்டவை.

இயல்பான நிலைகள்

விலங்குலகில் மலமுண்ணல் அரியதொன்றன்று. முயல்கள் இருவகைப் புழுக்கைகளை வெளியேற்றுகின்றன. அவற்றுள் மென்மையானவற்றை உடனுக்குடன் மீண்டும் உண்டு, பெருங்குடல்வாயில் நுண்ணுயிர்கள் ஆக்கித் தந்த உயிர்ச்சத்துகளைப் பெறுகின்றன. இது தடைப்பட்டால் முயலின் உடல்நலம் கெடும். நாய்க்கு அத்தகைய உடலியல் தேவை எதுவும் இல்லை.

ஆனால் நாயின் வாழ்வில் இப்பழக்கம் முற்றிலும் இயல்பாக அமையும் பருவம் ஒன்று உண்டு. பிறந்து சில வாரங்கள் வரை நாய்க்குட்டிகளால் தாமாகச் சிறுநீரோ மலமோ கழிக்க இயலாது. தாய் நாய் அவற்றின் அடிப்பகுதியை நக்கித் தூண்டிவிடும். வெளிவரும் கழிவை அதுவே உண்டுவிடும். இதனால் படுக்கை தூய்மையாக இருக்கின்றது. காட்டில் வாழ்ந்த மூதாதையருக்கு, கொன்றுண்ணிகளை ஈர்க்கும் நாற்றமும் இதனால் குறைந்திருக்கும். குட்டிகள் திட உணவுக்கு மாறும் காலத்தில் தாய் இதனை நிறுத்திக்கொள்கின்றது. அதே காலத்தில் குட்டிகளோ கண்ணில் பட்டதையெல்லாம் வாயால் ஆராயத் தொடங்குகின்றன. இவ்வாறு மலத்தை ருசிபார்க்கும் குட்டிகள் பல, வளர்ந்தபின் அப்பழக்கத்தை விட்டுவிடுகின்றன. விடாத நாய்களைப் பற்றியே இனிவரும் பகுதிகள் கூறுகின்றன.

கலிபோர்னிய ஆய்வு

இப்பழக்கத்தைப் பற்றி நெடுங்காலமாகப் பல விளக்கங்கள் கூறப்பட்டு வந்தபோதிலும், பெருந்தொகை நாய்களை வைத்து அவற்றைச் சோதித்துப் பார்த்தவர் மிகச் சிலரே. டேவிசிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெஞ்சமின் ஹார்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் நாய் வளர்ப்போரிடம் இணையவழி நடத்திய இரு கணக்கெடுப்புகளின் முடிவுகளை 2018 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முதற் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 1,550 நாய்கள் இடம்பெற்றன. அவற்றுள் 16 விழுக்காடு நாய்கள், ஆறு முறையாவது மலமுண்ணக் காணப்பட்டவை. ஏறத்தாழ ஆறு நாய்களில் ஒன்று என்பதால், இதனை விந்தையான நடத்தை எனக் கொள்வதற்கில்லை.

பரவலான நம்பிக்கைகள் பல இவ்வாய்வில் உறுதிப்படவில்லை. நாயின் வயதுக்கும் இப்பழக்கத்துக்கும் தொடர்பு காணப்படவில்லை. உணவு வகைக்கும் தொடர்பில்லை. ஆகவே "உணவில் ஏதோ சத்துக் குறைவு" என்னும் வழக்கமான விளக்கம் பெரும்பாலான நாய்களுக்குப் பொருந்தாது. மலமுண்ணும் நாய்கள் வீட்டுக்கு வெளியே கழிக்கப் பழகுவதில் பிற நாய்களைவிடப் பின்தங்கியிருக்கவும் இல்லை. மாறாக, உணவை ஆவலோடு விரைந்து விழுங்கும் நாய்களிலும், பல நாய்கள் உள்ள வீடுகளிலும் இப்பழக்கம் மிகுதியாக இருந்தது. மிகவும் கவனிக்கத்தக்க செய்தி, இந்நாய்கள் உண்டவை பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு மேற்படாத புதிய மலம் என்பதாகும்.

இதற்கு ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் ஓநாய்களின் வாழ்வை அடிப்படையாகக் கொண்டது. ஓநாய்கள் பொதுவாகக் குகைக்கு அப்பால் சென்று கழிக்கின்றன. ஆனால் நோயுற்ற அல்லது முதிர்ந்த ஓநாய் குகையருகிலேயே கழித்துவிடக்கூடும். மலத்தோடு வெளிவரும் குடற்புழுக்களின் முட்டைகள் உடனே தொற்றும் நிலையில் இருப்பதில்லை. அவை தொற்றும் நிலையை அடைய நாட்கள், சில வகைகளில் வாரங்கள் ஆகும். அதற்குள் அதனை உண்டு அகற்றிவிடும் விலங்கு தன் கூட்டத்தைப் புழுக்களிடமிருந்து காக்கின்றது. அதாவது, நமக்கு அசுத்தமாகத் தோன்றுவது ஒருகாலத்தில் சுத்தம் பேணும் வழியாக இருந்திருக்கலாம். இது ஒரு கருதுகோளே, நிறுவப்பட்ட உண்மையன்று. எனினும் புதிய மலத்தையே நாய்கள் தேர்ந்தெடுப்பதற்கு இது பொருத்தமான விளக்கமாக உள்ளது.

நாயின் மற்றொரு பக்கத்தையும் இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். மனிதக் குடியிருப்புகளை ஒட்டி, மனிதர் கழித்தவற்றை உண்டு வாழ்ந்த ஓநாய்களிலிருந்தே நாய் தோன்றியது எனக் கருதும் அறிஞர் உள்ளனர். சிம்பாப்வே நாட்டுச் சிற்றூர்களில் கட்டின்றித் திரியும் நாய்களை ஆராய்ந்தபோது, மனித மலம் அவற்றின் உணவில் குறிப்பிடத்தக்க பங்காக இருந்தது தெரியவந்தது. மூக்கால் உலகை அறியும் விலங்குக்கு, செரியாத கொழுப்பும் புரதமும் எஞ்சியுள்ள கழிவு உணவாகவே மணக்கின்றது.

நோயினால் ஏற்படும் மலமுண்ணல்

முன்பு இப்பழக்கம் இல்லாத வளர்ந்த நாய் திடீரெனத் தொடங்கினால், அதனைப் பயிற்சிக் குறையாக எண்ணாது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். உடல் மெலிவு, வயிற்றுப்போக்கு, அடங்காப் பசி, மிகுதாகம் ஆகியவை உடன் காணப்பட்டால் காலந்தாழ்த்தலாகாது.

இவற்றுள் தவறவிடக் கூடாதது கணையச் சுரப்புக் குறைபாடாகும். உணவைச் செரிக்கும் நொதிகளைக் கணையம் போதிய அளவு சுரக்காமையால், நாய் எவ்வளவு தின்றாலும் சத்து உடலில் சேர்வதில்லை. மலம் வெளிறி, மிகுந்த அளவில், கொழுப்புப் பசையுடன் வெளியேறும். நாய் எலும்பும் தோலுமாக மெலிந்துகொண்டே, கிடைத்ததையெல்லாம், தன் மலத்தையும், தின்னும். ஜெர்மன் ஷெப்பர்ட் இனத்தில் இது கூடுதலாகக் காணப்படுகின்றது. குருதிச் சோதனையால் இதனைக் கண்டறியலாம். ஒவ்வொரு வேளை உணவுடனும் நொதித் தூளைக் கலந்து வாழ்நாள் முழுதும் கொடுத்துவந்தால் பல நாய்கள் நன்கு தேறுகின்றன. சிலவற்றுக்கு உயிர்ச்சத்து பி12 ஊசியும் தேவைப்படும். இத்தகைய நாயைப் பட்டினி போட்டோ அடித்தோ திருத்த முற்படுவது எவ்வளவு கொடிது என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நீரிழிவு, அண்ணீரகச் சுரப்பியின் மிகைச் செயற்பாடு, குடற்புழுக்கள், குடல் அழற்சி ஆகியவையும் காரணமாகலாம். ஸ்டீராய்டு மருந்துகள் பசியைத் தூண்டுவதால், அவற்றை உட்கொள்ளும் நாய்களிலும் இப்பழக்கம் தலைகாட்டுவதுண்டு.

தீங்குகள்

ஒழுங்காகக் குடற்புழு நீக்கம் செய்யப்பட்ட, நலமான நாய் தன் மலத்தையே உண்பதால் பெருந்தீங்கு விளைவது அரிது. பிற நாய்களின் மலத்தால் பார்வோ வைரசும், பலவகைக் குடற்புழுக்களும் பரவக்கூடும். தடுப்பூசி முழுமையடையாத குட்டிகளுக்குப் பார்வோ உயிர்க்கொல்லி நோயாகும்.

அதிகம் அறியப்படாத ஆபத்து ஒன்று குதிரைச் சாணத்திலும் ஆட்டுப் புழுக்கையிலும் உள்ளது. இவ்விலங்குகளுக்குப் புழுநீக்க மருந்தாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டினின் பெரும்பகுதி அவற்றின் மலத்துடனேயே வெளியேறுகின்றது. கோலி முதலிய மேய்ப்பு நாயினங்கள் பலவற்றில், இம்மருந்து மூளைக்குள் புகாது தடுக்கும் புரதம் மரபணுப் பிறழ்வால் செயலிழந்துள்ளது. இதனை வாசிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். அத்தகைய நாய், மருந்து கொடுக்கப்பட்ட குதிரையின் சாணத்தை உண்டால் தள்ளாட்டம், பார்வையிழப்பு, நினைவிழப்பு ஏற்பட்டு இறக்கவும் நேரலாம்.

மலமுண்ணும் நாய் மருத்துவரையும் குழப்பக்கூடும். முயற் புழுக்கையைத் தின்ற நாயின் மலத்தை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, முயலுக்குரிய ஒட்டுண்ணிகள் நாயின் குடல் வழியே மாறாமல் வந்து, நாய்க்கே அந்நோய் உள்ளதுபோல் தோற்றம் தரும். ஆகையால் சோதனைக்கு மலம் கொடுப்போர் இப்பழக்கத்தை மறைக்காது கூறவேண்டும்.

வீட்டிலுள்ளோரைப் பொறுத்தவரை, நாய் முகத்தை நக்கவிடாமையும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவுதலும் போதுமானவை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இவற்றில் கண்டிப்பு வேண்டும்.

கையாளும் முறைகள்

மலத்தின் சுவையைக் கெடுக்கும் என்று கூறி, உணவில் கலக்கும் தூள்களும் மாத்திரைகளும் விற்கப்படுகின்றன. மேற்கூறிய ஆய்வில் இத்தகைய 11 பொருட்களைப் பற்றிக் கேட்கப்பட்டது. பழக்கம் நின்றதாகக் கூறியோர் எதிலும் 2 விழுக்காட்டைத் தாண்டவில்லை. அன்னாசித் துண்டு, மிளகாய்த் தூள் ஆகிய கைவைத்தியங்களையும் நம்பியிருத்தல் வீண். அதட்டல், மின்னதிர்ச்சிப் பட்டை முதலியவையும் ஏறத்தாழப் பயனற்றவையாகவே காணப்பட்டன. பழக்கம் விடாத நாய்களை வைத்திருப்போரே இத்தகைய கணக்கெடுப்புக்கு ஆர்வத்துடன் விடையளிப்பர் என்பதால், உண்மை நிலை இதைவிடச் சற்று நம்பிக்கை தருவதாக இருக்கலாம். ஆனால் கடைத்தூள்களுக்குப் பணம் செலவிடுவதற்கு அது காரணமாகாது.

உறுதியாகப் பயன்தரும் வழி ஒன்றே: மலம் நாய்க்கு எட்டாதிருக்கச் செய்தல். நாய் கழித்த உடனேயே அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். நாய்கள் புதிய மலத்தையே நாடுவதால், "மாலையில் கூட்டிக்கொள்ளலாம்" என்பது உதவாது. தோட்டத்தில் தனியே அவிழ்த்துவிடாமல், கழிக்கும் நேரத்தில் வாரில் பிடித்திருத்தல் நன்று. பூனையின் மலத்தட்டை நாய் நுழைய முடியாத இடத்திலோ உயரத்திலோ வைக்கலாம். வெளியில் கட்டுப்படுத்த இயலாத நாய்க்குக் கூடை வடிவ வாய்ப்பூட்டு அணிவிக்கலாம். அதனூடே நாய் மூச்சிரைக்கவும் நீர் அருந்தவும் முடியும்.

இதனுடன் பயிற்சியையும் இணைக்கவேண்டும். முதலில் வீட்டுக்குள், மூடிய கையில் தின்பண்டத்தை வைத்து "விடு" என்று கூறி, நாய் மூக்கை விலக்கிய கணத்தில் மறு கையிலிருந்து வேறொன்றைக் கொடுத்துப் பழக்குவர். பின்னர் வெளியில், கழித்து முடித்தவுடன் பெயர் சொல்லி அழைத்து, வந்து அமர்ந்தால் அதற்கு மிகவும் பிடித்த தின்பண்டத்தை அளிக்க வேண்டும். பல வாரங்கள் தவறாது செய்துவந்தால், கழித்ததும் உரிமையாளரை நோக்கி ஓடிவருவதே வழக்கமாகிவிடும். பேராவல் கொண்ட நாய்களுக்கு இப்பழக்கம் கைகூடுவதற்கு அவற்றின் பேராவலே துணைநிற்கின்றது.

செய்யக்கூடாதவை சிலவும் உண்டு. வாயிலுள்ளதைப் பறிக்கக் கூச்சலிட்டு ஓடினால் நாய் அதனை விரைந்து விழுங்கவே கற்றுக்கொள்ளும். வீட்டுக்குள் கழித்ததற்காக மூக்கை அதில் தேய்த்துத் தண்டித்தால், கழித்ததை மறைவிடத்தில் செய்யவோ உண்டு அகற்றவோ அது முற்படலாம். நாளெல்லாம் கட்டிப்போட்டு, விளையாட்டும் துணையுமின்றி விடப்பட்ட நாய்க்கு மலமும் பொழுதுபோக்குப் பொருளே. அதற்குத் தேவை நடையும் வேலையும்.

தொடர்புடைய பிற பழக்கங்கள்

புல் தின்னுதல் பெரும்பாலான நாய்களில் காணப்படும் இயல்பான நடத்தை. வயிற்றுக் கோளாறால், வாந்தியெடுப்பதற்காகவே நாய் புல் தின்கின்றது என்பது பொதுவான எண்ணம். ஆனால் தின்றபின் வழக்கமாக வாந்தியெடுப்பவை கால்பங்கிற்கும் குறைவே. பூச்சிகொல்லி தெளிக்கப்பட்ட புல்லைத் தவிர்த்தால் போதுமானது. கக்கியதை மீண்டும் உண்பதும் அவ்வாறே. ஓநாய்கள் குட்டிகளுக்கு உணவைக் கக்கிக் கொடுக்கும் வழக்கத்தின் எச்சமாக அதனைக் கருதலாம்.

பிக்கா அவ்வாறு விட்டுவிடத்தக்கதன்று. கல், காலுறை, மக்காச்சோளத் தண்டு ஆகியன குடலை அடைத்து அறுவை மருத்துவம் வரை கொண்டுசெல்லும். குருதிச்சோகையும் இதற்குக் காரணமாகலாம் என்பதால் சோதனை தேவை. துணி அல்லது நூல் விழுங்கிய நாயின் ஆசனவாயில் அதன் முனை தொங்கக் கண்டால் பிடித்து இழுக்கக்கூடாது. மறுமுனை உள்ளே சிக்கியிருப்பின் குடல் கிழிபடும். அப்படியே மருத்துவரிடம் கொண்டுசெல்லல் வேண்டும்.