காப்புரிமை இல்லாத மருந்துக்கும் பூட்டு

வர்த்தக ஒப்பந்தம்னாலே நமக்கு வரிக்குறைப்புதான் ஞாபகம் வரும். ஆனா உள்ளே அறிவுசார் சொத்துரிமைன்னு ஒரு அத்தியாயம் இருக்கும். மருந்து விலை மாட்டிக்கிற இடம் அதுதான்.

அதுல வர்ற ஒரு விதி, ‘டேட்டா எக்ஸ்க்ளூசிவிட்டி’. புது மருந்து பாதுகாப்பானதுன்னு காட்ட, அதைக் கண்டுபிடிச்ச கம்பெனி நோயாளிகள்கிட்ட சோதனை நடத்தி அந்தத் தரவை அரசுகிட்ட கொடுக்கும். ஜெனரிக் கம்பெனி அதே சோதனையை மறுபடி நடத்தாது. தன் மாத்திரையும் உடம்புல அதே மாதிரி சேருதுன்னு மட்டும் நிரூபிக்கும். விலை குறையறதுக்கு அதுவும் ஒரு காரணம். இந்த விதி வந்துட்டா, முதல் கம்பெனியோட தரவை நம்பி அரசு சில வருஷத்துக்கு வேற யாருக்கும் அனுமதி தர முடியாது. அந்த நாட்டுல காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இதே கதி! உலக வர்த்தக அமைப்போட ட்ரிப்ஸ் ஒப்பந்தம்கூட இத்தனை வருஷம்னு கேக்கலை.

ஜோர்டான் 2000-ல அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டுச்சு. 2001-க்கு அப்புறம் அங்கே வந்த, காப்புரிமை இல்லாத 103 மருந்துகள்ல குறைஞ்சது 79 சதவீதத்துக்கு இந்த விதியால ஜெனரிக் போட்டியே இல்லைன்னு ஆக்ஸ்ஃபாம் 2007-ல சொன்னது.

நம்மகிட்டயும் கேட்டாங்க. ஸ்விட்சர்லாந்து இருக்கிற எஃப்டா கூட்டமைப்போட பேச்சுவார்த்தை 2008-ல தொடங்கி, 2024 மார்ச்லதான் கையெழுத்தாச்சு. இந்த விதிக்கு மட்டும் இந்தியா ஒத்துக்கலை.