தன்னைத் தானே பெயர்த்துக்கொள்ளும் நிரல்

மனிதர் வாசிக்கத்தக்க பாஷையில் எழுதிய நிரலை, யந்திரம் மாத்திரமே அறிந்த எண்களின் வரிசையாக மாற்றித் தருகிற நிரலுக்குக் கம்பைலர் என்று பெயர். அந்தக் கம்பைலரும் ஒரு நிரலே ஆகையால், அது எந்த பாஷையைப் பெயர்க்கிறதோ அதே பாஷையில் அதையும் எழுதிவிட்டு, அதன் மூலநிரலை அதனிடமே கொடுத்துத் தன்னைத் தானே பெயர்த்துக்கொள்ளும்படி செய்யலாம். கேட்ட மாத்திரத்தில் சித்து விளையாட்டாகத் தோன்றினாலும், பெரிய கம்பைலர்கள் பலவும் நித்தியம் செய்துவருகிற காரியந்தான் இது. ஆனால், அவற்றின் மூலநிரல்கள் லட்சக்கணக்கான வரிகளாக விரிந்து கிடப்பதால், கற்க வருகிறவர் உள்ளே நுழைந்து சூக்ஷ்மத்தைக் கண்டு வெளியே வருவது துர்லபம். அவர்களுக்காகவே அணு அளவுக் கம்பைலர்களை எழுதிப் பார்க்கும் வழக்கம் ஒன்று இருந்துவருகிறது.

முதற் பிரதியை யார் பெயர்ப்பது என்ற கேள்வி உடனே எழும். 1962-இல் எம்.ஐ.டி.யில் டிம் ஹார்ட், மைக் லெவின் என்ற இருவர் லிஸ்ப் பாஷைக்கு அந்த பாஷையிலேயே கம்பைலர் எழுதியபோது, நிரலை எண்களாக மாற்றாமல் வாசித்தபடியே நடத்திக்காட்டும் இன்டர்ப்ரெட்டர் ஒன்று முன்னமே கைவசம் இருந்தமையால், கம்பைலரை அதில் ஓடவிட்டுத் தன்னையே பெயர்த்துக்கொள்ளச் செய்தார்கள். ஜூரிச்சில் பாஸ்கல் பாஷையை வகுத்த நிக்லாஸ் விர்த்தின் குழுவுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. ஃபோர்ட்ரானில் எழுதிப் பார்த்த முயற்சி பலிக்காமற்போகவே, கம்பைலரைப் பாஸ்கலிலேயே எழுதி, அதைத் தாழ்ந்த மட்டத்து பாஷை ஒன்றுக்குக் கையாலேயே பெயர்த்து, 1970 வாக்கில் ஓடவைத்தார்கள். இன்று கற்கிறவருக்கு அவ்வளவு சிரமம் இல்லை. சி பாஷைக்குத் தயாராகக் கிடைக்கும் பெரிய கம்பைலர் ஒன்றைக் கொண்டு முதற் பிரதியைப் பெற்றுக்கொண்டால் போதும்.

இத்தகைய அணு அளவுக் கம்பைலர்களில் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது ராபர்ட் ஸ்வியர்செக் எழுதி 2014-இல் வெளியான ‘சி4’. சுமார் 500 வரிகள். மொத்தம் நான்கே ஃபங்ஷன்கள். சொற்களைப் பிரிக்க ஒன்று, கோவைகளை அறிய ஒன்று, வாக்கியங்களை அறிய ஒன்று, எல்லாவற்றையும் தொடங்கிவைத்துக் கற்பனை யந்திரம் ஒன்றையும் ஓட்டிக்காட்ட நான்காவது. 2 + 3 × 4 என்ற கோவையை அதனிடம் கொடுத்தால், ‘2-ஐ ஏற்று, அடுக்கில் வை, 3-ஐ ஏற்று, அடுக்கில் வை, 4-ஐ ஏற்று, பெருக்கு, கூட்டு’ என்று ஏழு கட்டளைகளாக அந்த யந்திரத்துக்கு எழுதித் தருகிறது. பெருக்கலைக் கூட்டலுக்கு முந்திச் செய்ய வேண்டும் என்ற பள்ளிக்கூட விதி, கட்டளைகளின் வரிசையில் வந்து அமர்ந்துகொள்வதை இங்கே பிரத்யட்சமாகக் காணலாம்.

இதன் அழகு, விட்டுவிட்டவற்றிலேயே இருக்கிறது. கம்பைலரை எழுதும்போது எந்த வசதியை நாம் உபயோகித்தாலும், அந்த வசதியைப் பெயர்க்கும் பொறுப்பும் அந்தக் கம்பைலரின் தலையிலேயே விழும். ஆகவே ஆசைக்கும் உழைப்புக்கும் இடையே வரிக்கு வரி பேரம் நடக்கிறது. ‘ஃபார்’ என்னும் சுற்று இல்லை, ‘வைல்’ போதும். பல தகவல்களை ஒரே கட்டாகக் கட்டிவைக்கும் ‘ஸ்ட்ரக்ட்’ இல்லை. நிரலில் வரும் ஒவ்வொரு பெயருக்கும் நினைவகத்தில் 9 அறைகளை அடுத்தடுத்து ஒதுக்கி, எந்த அறையில் எது என்பதை ஆசிரியர் எண்ணாலேயே சமாளித்துவிடுகிறார். அவற்றுள் மூன்று அறைகள், ஃபங்ஷனுக்கு வெளியே ஒரு பொருளும் உள்ளே வேறு பொருளும் கொள்ளும் பெயர்களுக்காக, வெளியிலுள்ள பொருளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து திருப்பித் தருவதற்கானவை.

இதற்கு நேர்மாறான ரசனையும் உண்டு. புரியாதபடி சி நிரல் எழுதும் சர்வதேசப் போட்டியில் 2001-ஆம் ஆண்டுக்கான பரிசு பெற்ற ஃபாப்ரிஸ் பெல்லாரின் கம்பைலர், சில குறிகளையும் இடைவெளிகளையும் நீக்கிக் கணக்கிட்டால் 2048 பைட்டுகளுக்குள் அடங்கியும், மெய்யான இன்டெல் யந்திரக் கட்டளைகளையே உண்டாக்கித் தன்னையும் பெயர்த்துக்கொள்ளும். பிரமிக்கத்தக்க சாகசம், பாடப் புத்தகமாக மட்டும் அதை வைக்க இயலாது.

சி4-இல் ‘ஃபார்’ சேர்க்க விரும்புகிற மாணவர், அதற்கான வரிகளை முதலில் ‘வைல்’ கொண்டே எழுதியாக வேண்டும். அந்தப் புதிய பிரதி ஓடத் தொடங்கிய பிறகே, மூலநிரலில் தாராளமாக ‘ஃபார்’ போட்டு எழுதலாம்; அந்த நிமிஷம் முதல் பழைய பிரதிக்குப் புதிய மூலநிரல் விளங்காது. விளைவைக் கோப்பாக எழுதித் தரும் கம்பைலராக இருந்தால் ஒரு பரீட்சையும் உண்டு. அந்நியக் கம்பைலர் பெற்றுத் தந்த முதற் பிரதியைக் கொண்டு மூலநிரலைப் பெயர்த்து இரண்டாம் பிரதியையும், இரண்டாம் பிரதியைக் கொண்டு மூன்றாம் பிரதியையும் பெற்றால், முதலாவது எப்படி இருந்தபோதிலும், பின்னிரண்டும் பைட்டுக்குப் பைட் ஒத்திருக்க வேண்டும். ஜி.சி.சி. என்னும் பெருங்கம்பைலரும் தன்னைச் சோதித்துக்கொள்வது இவ்வாறுதான்.

இனி ஒரு விசித்திரம். சி பாஷையில் பின்சாய்கோட்டை அடுத்து ‘என்’ என்ற ஆங்கில எழுத்தை இட்டால், அது புதுவரியைக் குறிக்கும்; அதன் எண் 10. சி4 இதைக் கையாளும் வரியைப் பார்த்தால், ‘பின்சாய்கோட்டுக்குப் பின் அந்த எழுத்து வந்தால் அதன் மதிப்பு புதுவரி’ என்று அதே சங்கேதத்தாலேயே எழுதியிருக்கிறதேயன்றி, அங்கே 10 என்ற எண்ணைக் காணோம்! முதற் பிரதியைப் பெயர்த்த கம்பைலர் அறிந்திருந்தது, இது அறிந்துகொண்டது. நேற்றைய உறைமோர் இன்றைய பாலுக்கு வந்து சேர்வதுபோல, மூலநிரலில் எழுதப்படாத ஞானம் பிரதிக்குப் பிரதி இறங்கி வருகிறது.

யூனிக்ஸின் கர்த்தாக்களில் ஒருவரான கென் தாம்ஸன், டூரிங் பரிசை ஏற்று ஆற்றி 1984-இல் அச்சான உரையில், இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டு ஒரு விபரீதத்தைக் காட்டினார். நல்ல ஞானம் இறங்குகிற அதே வழியில் வஞ்சகமும் இறங்கக்கூடும். கடவுச்சொல் சரிபார்க்கும் நிரலில் கள்ளவாசல் வைக்கும்படியும், அப்படி வைக்கும் வித்தையைக் கம்பைலரின் அடுத்த பிரதியிலும் புகுத்தும்படியும் ஒரு கம்பைலரைப் பழக்கிவிட்டால், பிறகு மூலநிரலிலிருந்து அந்த வரிகளை அழித்தாலும் தீமை நீங்காது. மூலநிரலைப் படிப்பவர் கண்ணுக்கும் அகப்படாது.

அதனால்தான், கண்ணால் படித்து நிச்சயிக்கக்கூடிய அளவுக்கு ஆதி விதையைக் குறுக்கும் முயற்சிகள் நடக்கின்றன. கீக்ஸ் (Guix) என்னும் லினக்ஸ் அமைப்பினர் 2023-இல், 357 பைட்டே உள்ள ‘ஹெக்ஸ்0’ என்ற நிரலிலிருந்து தொடங்கி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறு கம்பைலர்களை எழுப்பி, ஜி.சி.சி. வரையில் ஏறிவிட்டார்கள். பதினாறடி எண்முறையில் எழுதிய இலக்கங்களை இரண்டிரண்டாக வாசித்து, ஒவ்வோர் இணைக்கும் ஒரு பைட்டை எழுதுவதையும், குறிப்புரைகளைத் தாண்டிச் செல்வதையும் தவிர ஹெக்ஸ்0-க்கு வேறொன்றும் தெரியாது. அதன் மூலநிரலும் குறிப்புரைகளோடு கூடிய இலக்க இணைகளேயாகையால், அதை அதனிடமே கொடுத்தால் அந்த 357 பைட்டும் அப்படியே திரும்பக் கிடைக்கின்றன.