விசர் அல்ல, ஈரல் நோய்

வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து கண்டிக்கு வந்த பின் என் பிள்ளைகளுக்குக் கிடைத்த முதல் கூட்டாளி மணி என்ற ஊர்நாய்தான். ஒரு மழைக்காலத்தில் அது இரண்டு நாள் சோற்றைத் தொடவில்லை, சத்தி எடுத்தது. மூன்றாம் நாள் தள்ளாடி, ஒரே பக்கமாகச் சுற்றி, சுவரில் தலையை அழுத்திக்கொண்டு நின்றது. "அக்கா, இதுக்கு விசர்" என்று அயல் பையன்கள் பொல்லுடன் வந்துவிட்டார்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையைக் காட்டித்தான் அவர்களை நிறுத்தினேன்.

பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். வைத்தியர் கையுறையுடன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முரசும் கண்வெள்ளையும் மஞ்சள். செங்கமாரி. இரத்தம் சோதித்தபின், எலிக்காய்ச்சல் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்கியிருப்பதாகச் சொன்னார்.

ஈரலில் வந்த நோய் தலையை ஏன் குழப்பவேண்டும்? உணவு செமிக்கும்போது குடலில் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை யூரியாவாக மாற்றிச் சலத்துடன் வெளியேறச் செய்வது ஈரலின் வேலை. ஈரல் பழுதானால் அந்த நஞ்சு இரத்தத்தோடு மூளைக்குப் போய்விடும். பிறந்த குழந்தைக்குச் செங்கமாரி கூடினால் நீல வெளிச்சத்தில் கிடத்துவார்களே, அது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் மூளையைக் கெடுக்காமல் இருக்கத்தான். வளர்ந்த நாயில் அது மிக அரிது. பெரும்பாலும் அமோனியாதான் காரணம். காய்ச்சல் என்று நினைத்து நாய்க்குப் பனடோல் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதுவும் ஈரலைக் கொல்லும்.

ஐந்து நாள் சேலைன் ஏற்றியும் மணி பிழைக்கவில்லை.

அதன்பின் என் பயமெல்லாம் பிள்ளைகளைப் பற்றியதாயிற்று. எலிக்காய்ச்சல் எலியின் சலத்தால் மட்டுமல்ல, நோயுற்ற நாயின் சலத்தாலும் தொற்றும். காலில் சிறு காயம் போதும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் அதிகமானோர் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவானது; கண்டி, மாத்தளை, கேகாலையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. மணி படுத்த இடத்தைக் கையுறை போட்டு, குளோரின் கரைத்த தண்ணீரால் கழுவினேன். ஒரு மாதம் பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தபடியே இருந்தேன். நல்லவேளை, ஒன்றும் வரவில்லை.

சகோதரிகளே, நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியும் இருக்கிறது; வருடந்தோறும் போடவேண்டும். தள்ளாடும் நாயை அடிக்காதீர்கள், கிட்டப் போகவும் வேண்டாம். விசர் நாயும் தள்ளாடும். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், கெண்டைக்கால் நோவு, கண் சிவப்பு வந்தால், நாய் செங்கமாரியில் செத்ததை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாய் வளர்க்கிறீர்களா என்று எல்லா வைத்தியரும் கேட்கமாட்டார்கள்.