இருவர் சேர்ந்து ஓடப் பழகுதல்

நடையில் தொடங்கி ஓட்டத்தில் முடியும் பயிற்சிகளில் உலகெங்கும் அறியப்பட்டது ‘கவுச் டு 5கே’. அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996-இல் தம் தாயை ஓடவைப்பதற்காக வகுத்த திட்டம் இது. பின்னாளில் பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையும் இதை ஏற்றுப் பரப்பியது. வாரம் 3 நாள், மொத்தம் 9 வாரம். முதல் வாரத்தில் 5 நிமிட வேக நடைக்குப் பின், 60 விநாடி மெல்லோட்டமும் 90 விநாடி நடையுமாக 20 நிமிடம். கடைசி வாரத்தில் நிற்காமல் 30 நிமிட ஓட்டம்.

துணையோடு தொடங்குவோருக்கு முதல் சிக்கல் வேகம்தான். ஒருவர் மூச்சிரைக்கையில் மற்றவர் முன்னால் போய்விட்டால் அது தனி ஓட்டமே. எனவே மெதுவாக ஓடுபவரின் வேகமே இருவருக்கும் அளவு. ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். தனியாகப் பேசிக்கொண்டு ஓடினால் தெருவே திரும்பிப் பார்க்கும். துணை இருந்தால் அந்தக் கூச்சமில்லை. அந்த வேகம் போதாது என்று நினைப்பவர் சற்று முன்னே ஓடித் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம்.

உற்சாகத்தில் வாரங்களைத் தாண்டிப் போகத் தோன்றும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும்; தசைநாண்களுக்கும் எலும்புகளுக்கும் கூடுதல் காலம் வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் எழும் வலி பெரும்பாலும் இந்த அவசரத்தால் வருவது. ஒருவருக்கு வலித்தால் ஓய்வெடுத்து, அதே வாரத்தை இருவரும் மறுபடி செய்யலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டபிறகே தொடங்க வேண்டும்.