ஓடும் நீரைப் படம் பிடித்தல்

கலண்டர்களிலும் சஞ்சிகை அட்டைகளிலும் வரும் நீர்வீழ்ச்சிப் படங்கள் பலவற்றில் தண்ணீர் தண்ணீராக இருப்பதில்லை. பஞ்சு மாதிரி, கறந்த பால் மாதிரி இருக்கும். "இது கம்பியூட்டர்ல செஞ்ச வேலதானே?" என்று என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். இல்லை. அது ஷட்டர் செய்கிற வேலை.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் எவ்வளவு தூரம் ஓடியதோ, அந்த ஓட்டம் முழுவதும் ஒரே படத்தில் பதிகிறது. 1/1000 செக்கன் மட்டும் திறந்தால் துளிகள் கண்ணாடி மணிகளாக அந்தரத்தில் நிற்கும். 1/4 செக்கனில் நீர் இழை இழையாகிவிடும். ஒன்றிரண்டு செக்கனில் பட்டு. 30 செக்கன் திறந்தால் கடல்கூடப் பனிமூட்டமாகிவிடும். நம் கண் இந்த இரண்டு அந்தங்களையும் காண்பதில்லை. ஆகவே 'உள்ளபடியே எடுத்த படம்' என்று ஓடும் நீருக்கு ஒன்று இல்லை. அளவைத் தெரிவு செய்கிறவர் நாம்தான்.

துளியை நிறுத்துவது லேசு, வெயில் இருந்தால் போதும். பட்டுப்போல எடுப்பதில்தான் சிக்கல். நம்மூர்ப் பகல் வெளிச்சத்தில் ஷட்டரை ஒரு செக்கன் திறந்தால் படம் வெள்ளைக் கடதாசியாகிவிடும். முதலில் ஐஎஸ்ஓவை 100க்கு இறக்க வேண்டும். பிறகு லென்ஸின் துவாரத்தை எஃப் 11 அல்லது 16 வரை சுருக்க வேண்டும். அதற்கு மேல் சுருக்கினால் ஒளி வளைந்து படத்தின் கூர்மை குறையும். அதுவும் போதாவிட்டால்தான் என்டி பில்டர். சாம்பல் நிறக் கண்ணாடி, அவ்வளவுதான். 6 ஸ்டொப் பில்டர் ஒளியை 64இல் ஒரு பங்காகவும், 10 ஸ்டொப் பில்டர் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகவும் குறைக்கும். பில்டர் இல்லாமல் 1/30 செக்கன் தேவைப்பட்ட இடத்தில், 10 ஸ்டொப் போட்டால் அரை நிமிடத்துக்கு மேல் திறக்கலாம்.

பில்டர் விலை கேட்டால் சிலருக்குத் தலை சுற்றும். வெல்டிங் கடையில் கிடைக்கும் கறுப்புக் கண்ணாடியை லென்ஸுக்கு முன் கட்டி எடுக்கிறவர்கள் உண்டு. படம் முழுக்கப் பச்சையடிக்கும். கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட்டால் குறை தெரியாது. பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். முதற்காசு போட வேண்டியது பொலரைசர் பில்டருக்கு என்பது என் அபிப்பிராயம். ஒன்றரை, இரண்டு ஸ்டொப் ஒளியைக் குறைப்பதோடு, ஈரப் பாறையின் மினுக்கத்தையும் எடுத்துவிடும். ஆற்றின் அடியில் கிடக்கும் கல் தெரியும்.

ட்ரைபொட் இல்லாமல் இந்த வேலை சரிவராது. விரலால் அமத்தும்போதுகூட கமரா ஆடும், ஆகையால் 2 செக்கன் டைமரை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். போன் வைத்திருப்பவர்கள் 'ப்ரோ' பகுதியில் ஷட்டரை மாற்றலாம், ஆனால் போனையும் அசையாமல் நிறுத்த வேண்டும். நேரம் விடியற்காலை அல்லது முகில் மூடிய பகல். உச்சி வெயிலில் கறுத்த பாறைக்கு அளவு வைத்தால் நுரை வெளிறிப் போகும். வெளிறிய இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கடலில் எனக்குப் பிடித்த அளவு அரைச் செக்கன். பொத்துவில் பக்கம் அலை மணலில் ஏறி, திரும்பி இறங்கும்போது அமத்தினால் நுரை கோடு கோடாக விழும். ஏறும்போது எடுத்தால் வெறும் குழப்பம். ட்ரைபொட் கால் மணலில் புதையும், அழுத்தி ஊன்றிவிட்டே தொடங்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கமராவின் வெளிப்புறத்தைத் துடைக்காவிட்டால் உப்பு தின்றுவிடும்.

மலைநாட்டு ஓயாக்களில் பயப்பட வேண்டியது உப்புக்கல்ல. மேலே மழை பெய்தால் கீழே வெயில் எறிக்கும்போதே நீர் ஏறும். தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினால், குப்பையும் இலையும் வரத் தொடங்கினால், படத்தை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

இன்னொரு விஷயம் இருக்கிறது, பட்டுப் படங்களில் எனக்குள்ள நெருடல் அதுதான். நீண்ட ஷட்டர் கொஞ்சத் தண்ணீரை நிறையத் தண்ணீராகக் காட்டும். துளித்துளியாக வெவ்வேறு இடங்களில் விழுவதெல்லாம் ஒன்று சேர்ந்து வெள்ளைத் திரையாகிவிடுகிறது. தலவாக்கலைக்கு அருகில் சென் கிளயர் நீர்வீழ்ச்சி இருக்கிறது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்காகக் கொத்மலை ஓயாவின் நீர் திருப்பப்பட்டதால், அந்த வீழ்ச்சிக்கு வரும் நீர் குறைந்துவிட்டது. இரண்டு செக்கன் திறந்து எடுத்தால் அந்தக் குறைவு படத்தில் மறைந்துபோகும். அழகுக்காக எடுப்பதில் பிழையில்லை. ஆனால் ஊரின் ஆற்றையும் அருவியையும் பதிவு செய்கிறோம் என்று சொல்லும்போது அது பொய்ச் சாட்சி.

ஆகவே நான் ஒரே இடத்தில், கமராவை அசைக்காமல் இரண்டு படம் எடுக்கிறேன்: ஒன்று 1/500 செக்கனில், மற்றது ஒரு செக்கனில். இரண்டின் கீழும் ஷட்டர் அளவு, திகதி, மணி மூன்றையும் எழுதி வைக்கிறேன். கண்காட்சிக்குக் கேட்பவர்கள் இரண்டாவதைத்தான் கேட்கிறார்கள். முதலாவதையும் சேர்த்தே கொடுத்தனுப்புகிறேன்.